கரண்டிமானி

வீட்டில் ஒரு குழிக்கரண்டி காணாமல் போனால் கைமறதி என்று விட்டுவிடலாம். நாலும் ஒன்றாகக் காணாமல் போனால் அது புருஷன் வேலை. அவள் நேராகப் பக்கத்துப் பட்டறைக்கு வந்தாள். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தரும் பட்டறை அது. அவளுடைய கணவன் நாலு கரண்டிகளின் காம்பையும் ஒரே அளவுக்கு வெட்டி முடித்து, சிலுவை மாதிரி மேஜையில் பரப்பி வைத்திருந்தான்.

"ஐயோ, என் கரண்டி! இனிமே தட்டுல எதால ஊத்துறது, உள்ளங்கையாலயா?"

"காத்துக்கு வேணும்."

"ஏன், காத்துக்குப் பசிக்குதாமா?"

அவன் சிரிக்கவில்லை. போன பருவத்துக்குப் பிறகு அவன் சிரிப்பது குறைந்துவிட்டது. அவளும் அதற்குமேல் கேலி செய்யவில்லை. ஒரு கரண்டியை எடுத்து வெட்டின முனையைத் தடவிப் பார்த்து, "கையக் கிழிச்சுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள்.

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருந்தார்கள். மாடியில் அக்கா, கீழே பட்டறையை ஒட்டித் தங்கை. அக்காவின் கணவர் சொந்தமாக வேன் ஓட்டுகிறவர். சகலைகள் இருவருக்கும் ஒத்துப்போவது அதிசயம் என்பார்கள். இவர்கள் ஒத்துப்போனதோடு நிற்காமல் கூட்டாகத் தொழிலும் தொடங்கினார்கள். பெரிய சகலையிடம் வேன் இருந்தது, வாயும் இருந்தது. சின்னச் சகலைக்கு மோட்டார் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது அவர்களுக்குத் தோன்றியது பலூன் கோட்டை. குழந்தைகள் ஏறிக் குதிக்கும் அந்தப் பெரிய கோட்டையை வேனில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார்கள்.

கோட்டை என்பது பெயருக்குத்தான். உண்மையில் அது ஒரு மாபெரும் பை. பின்னால் ஒரு புளோயர் காற்றைத் திணித்துக்கொண்டே இருக்கும். தையல் ஓட்டைகள் வழியே காற்று கசிந்துகொண்டே இருக்கும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருக்கும்வரை கோட்டை நிமிர்ந்து நிற்கும். ஆனால் வெளியிலிருந்து அடிக்கிற காற்றுக்கு அது கோட்டையும் இல்லை, பையும் இல்லை. அதன் கண்ணுக்கு அது ஒரு கப்பல் பாய். இதில் இன்னொரு சங்கதி உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற தள்ளு இரண்டு மடங்கு ஆவதில்லை. நாலு மடங்கு ஆகிறது. அதனால்தான் காற்று தலையைத் தடவிக்கொண்டே இருக்கும், திடீரென்று அறையும். நடுவில் எச்சரிக்கை எதுவும் இருக்காது.

போன பருவத்தில் அந்த அறை விழுந்தபோது மூலைக் கயிற்றின் பக்கம் நின்றவன் சின்னச் சகலைதான். தரையில் அடித்திருந்த இரும்பு முளை, விழப்போகிற பல் ஆடுவதுபோல ஆடியதைப் பார்த்தான். எட்டிக் கயிற்றைப் பிடித்தான். கயிறு அவனையும் சேர்த்துத் தூக்கியது. கோட்டையின் ஒரு பக்கம் எழும்ப, உள்ளே இருந்த குழந்தைகள் எல்லாம் மறுபக்கம் உருண்டார்கள். ஒரு சிறுமி மட்டும் விளிம்பைத் தாண்டி வெளியே விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. பிறகு கூடிவிட்டது. அவள் முன்போலவே ஓடுகிறாள் என்று அவளுடைய அப்பாவே சொன்னார். ஆனால் சின்னச் சகலையின் உள்ளங்கையில் அந்தக் கயிறு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற கதைதான். ஜன்னல் திரை அசைந்தால் அவன் குழந்தைகளை இறக்கிவிடுவான். கூப்பிட்டவர்கள் முகம் சுளிப்பார்கள். அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

பெரிய சகலை பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சகல, இப்படியே போனா எவனாவது தும்மினாக்கூட நீ கோட்டைய இறக்கிடுவ. எனக்கு ஒரு வழி சொல்லு."

"எனக்குப் பயமா இருக்கு சகல. மறைக்கல."

"பயம் எனக்கும்தான். ஆனா எவ்ளோ காத்துக்குப் பயப்படணும்னு ஒரு அளவு வேண்டாமா? கோட்டை பின்னாடியே தைச்சிருக்கானே, முப்பத்தெட்டு கிலோமீட்டருக்கு மேல போனா யாரும் ஏறக் கூடாதுன்னு. அதுக்குக் கீழ இருந்தா ஏறலாம்னுதான அர்த்தம்?"

"அதுக்கு அளக்கணுமே."

"அளக்கிறத நீ செய்யி. உனக்குத் தெரியாத மிஷினா? அந்த எண் முப்பத்தெட்டத் தொட்டா நான் மறுபேச்சு பேசாம இறக்குறேன். தொடலன்னா நீ இறக்கக் கூடாது. அப்படியும் இறக்கினேன்னா, கோட்டைய நான் தனியா ஓட்டிக்கிறேன். நீ காயில் கட்டிட்டு நிம்மதியா இரு. கோச்சுக்காத."

அக்கா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கை கதவோரம். இரண்டு சாட்சிகள். சின்னச் சகலை சரி என்றான். சொல்லப்போனால் அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. தன் பயத்தைத் தூக்கி ஓர் எண்ணிடம் கொடுத்துவிடலாம். இனிமேல் பயப்படுவது அதன் வேலை.

கரண்டிகள் போன காரணம் இதுதான்.

காற்றின் வேகத்தை அளக்கக் கிண்ணத்தைவிட நல்ல பொருள் கிடையாது. கிண்ணத்தின் குழிந்த பக்கம் காற்றைப் பிடிக்கும். புடைத்த பக்கம் காற்றை வழுக்கிவிடும். நாலு கிண்ணங்களைச் சக்கரம்போல வைத்தால் எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் முதுகு. குழிப்பக்கம் எப்போதும் ஜெயிக்கும். அதனால் சக்கரம் ஒரே திசையில் சுற்றும். காற்று எங்கிருந்து வருகிறது என்ற கவலையே அதற்கு இல்லை. குழிக்கரண்டிக்கோ காம்பும் கூடவே வருகிறது. கை வேறு, கிண்ணம் வேறு என்று தேட வேண்டாம்.

முதலில் கரண்டிச் சக்கரத்தைச் சுழலவிட ஒரு மோட்டார் பேரிங்கில் மாட்டினான். ஊதிப் பார்த்தான், அசையவில்லை. மோட்டாருக்கான கிரீஸ் கெட்டியானது. தென்றலுக்கு அதைப் புரட்டத் தெம்பில்லை. ஒரு பழைய கம்ப்யூட்டரின் குட்டி விசிறியிலிருந்து சின்னப் பேரிங்கை எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டான். இப்போது மனைவி கதவைத் திறந்தாலே சுற்றியது.

எண்ணுவதற்கு ஒரு சைக்கிள் வேகமானி. சக்கரக் கம்பியில் ஒரு குட்டிக் காந்தம். அது மானியின் சென்சாரைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று. சைக்கிளில் மாட்டும்போது சக்கரத்தின் சுற்றளவு எத்தனை மில்லிமீட்டர் என்று அதற்குச் சொல்லிவிட வேண்டும். ஒரு சுற்றுக்கு இத்தனை தூரம் என்று பெருக்கி அது வேகத்தைக் காட்டும். அன்றைய உச்ச வேகத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும். சின்னச் சகலைக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கரண்டிச் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் காற்று எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அதையே சுற்றளவு என்று எழுதிவிட்டால், சைக்கிள் மானி காற்றுமானி ஆகிவிடும். ஆனால் அது எவ்வளவு தூரம்? கரண்டிகளின் முதுகும் காற்றை எதிர்ப்பதால் சக்கரம் காற்றைவிட மெதுவாகத்தான் போகும். எவ்வளவு மெதுவாக என்பது கரண்டிக்குக் கரண்டி மாறும். கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்த வேகத்தில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

தெரிந்த வேகம் என்றால் பெரிய சகலையின் வேன். காற்று அசையாத அதிகாலையில், ஆளில்லாத நீளமான சாலைக்குப் போனார்கள்.

"மேல கூரையில ஒரு கம்பம் கட்டணும் சகல."

"கட்டுவ. நேத்துதான் பெயிண்ட் அடிச்சிருக்கேன். கோட்டை படத்தோட. ஒரு கீறல் விழுந்துச்சு, என் பொண்டாட்டி என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டா. ஜன்னல் வழியா கைய நீட்டிப் புடி, போதும்."

கையை நீட்டிப் பிடித்தான். வேன் முள் முப்பதில் நின்றது. மானி முப்பது காட்டும்வரை சுற்றளவை மாற்றி மாற்றி வைத்தான். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. எங்காவது லேசாகக் காற்று இருந்தாலும் ஒரு பக்கம் கூட்டியதை மறுபக்கம் கழித்துவிடும் அல்லவா? அந்த யோசனையில் அவனுக்குப் பெருமைதான். ஆயிரத்து எழுநூற்று ஐம்பது என்று வந்தது. எழுதி வைத்தான்.

"கரண்டிமானி" என்று பெயர் வைத்தவள் அக்கா. பெயர் ஒட்டிக்கொண்டது.

சில வாரங்கள் நன்றாகவே போயின. கோட்டைக்குப் பக்கத்தில் ஆளைவிட உயரமான கம்பத்தில் கரண்டிகள் மினுமினுத்துச் சுற்றும். பெற்றோர்கள் வந்து பார்த்து, "பரவால்லயே, இவ்ளோ அக்கறையா இருக்கீங்களே" என்பார்கள். பெரிய சகலை அதையே விளம்பரமாக்கிவிட்டார். சின்னச் சகலை திரையைப் பார்ப்பான், பத்து, பதினாலு, பதினொன்று. நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் எண்ணைப் பார்த்தால் அடங்கிவிடும். சாப்பாடுகூட நன்றாக இறங்கியது. மனைவி புதுக் கரண்டி வாங்கிக்கொண்டாள்.

அன்று ஓர் அலுவலகத்தின் குடும்பக் கூட்டம். பெரிய புல்வெளி, மடக்கு நாற்காலிகள், வரிசையில் முண்டியடிக்கும் குழந்தைகள். ஏற்பாடு செய்த அம்மாள் கழுத்தில் அட்டை தொங்க, எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் இருந்தார். மதியத்துக்குமேல் காற்று எழுந்தது. மேஜை விரிப்புகள் படபடத்தன. காகிதத் தட்டு ஒன்று புல்லில் சக்கரம்போல் உருண்டு ஓடியது. கரண்டிமானி இருபத்தைந்து காட்டியது. பிறகு இருபத்தெட்டு. அவன் கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். வீணைத் தந்திபோல் விறைத்திருந்தன. முளைகளை மறுபடியும் அடித்து இறக்கினான்.

பெரிய சகலை தூரத்திலிருந்தே விரல்களைக் காட்டி 'எவ்வளவு?' என்று கேட்டார்.

"இருபத்தொம்பது!"

கட்டை விரலை உயர்த்திவிட்டு அவர் அடுத்த கும்பலை உள்ளே ஏற்றினார்.

கோட்டைக்குக் காற்று வரும் பக்கத்தில், ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று ஒரு சின்னப் பெண் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருந்தாள். குமிழிக்கு எடை இல்லாத மாதிரிதான். காற்று எங்கே போகிறதோ, எவ்வளவு வேகத்தில் போகிறதோ, அப்படியே அதுவும் போகும். கண்ணுக்குத் தெரியாத காற்றுக்கு மை தடவியது மாதிரி. சின்னச் சகலை அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். திறந்த வெளியில் ஓட்டமாக வந்தன. கோட்டையின் முகப்பை நெருங்கியதும் தயங்கின, பிரிந்தன. பக்கவாட்டில் திரும்பியதும், யாரோ சுண்டிவிட்டதுபோல் விருட்டென்று பாய்ந்தன. மறுபடியும் பார்த்தான். ஒவ்வொரு குமிழியும் அப்படித்தான். எதிரே பெரிய உடம்பு ஒன்று நின்றால் காற்று அதன் தோளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. சுற்றிப் போகிறவன் நேரத்தைப் பிடிக்க ஓடுகிற மாதிரி, அந்த இடத்தில் மட்டும் அது கூடுதல் வேகம் எடுக்கிறது.

பெரிய உடம்பு. தோள். பக்கவாட்டு.

வேன்.

வேன் முப்பதில் போனபோது, அதன் முகப்பு காற்றைப் பிளந்து இருபக்கமும் தள்ளியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே அவன் கை நீட்டிய இடத்தில் காற்று முப்பதில் இல்லை, அதைவிட வேகமாக ஓடியிருக்கிறது. அந்த அதிவேகக் காற்றைக் காட்டித்தான் இதற்குப் பெயர் முப்பது என்று கரண்டிமானிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். போகும்போதும் அதே தப்பு, வரும்போதும் அதே தப்பு. இரண்டு தப்பும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவில்லை. ஆக, மானி குறைத்துக் காட்டுகிறது. எவ்வளவு குறைத்து? தெரியாது. கொஞ்சமாகவும் இருக்கலாம். நிறையவும் இருக்கலாம்.

அவன் திரையைப் பார்த்தான். முப்பத்தொன்று.

அடுத்த நிமிஷமே இன்னொரு சந்தேகம் முதல் சந்தேகத்தின் காலைப் பிடித்து இழுத்தது. இதெல்லாம் உண்மையா, அல்லது பழைய பயம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறதா? எண் இறக்கு என்று சொல்லவில்லை. அவனுக்குத்தான் இறக்க வேண்டும்போல் இருக்கிறது. இறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

கோட்டைக்குள் ஒரு குழந்தை கிறீச்சென்று சிரித்தது. மூலைக் கயிறு ஒரு தடவை தளர்ந்து, படீரென்று இறுகியது.

அவன் வாசலுக்கு ஓடினான்.

"எல்லாரும் வெளிய வாங்க. ஒவ்வொருத்தரா. ஓடாதீங்க, ஓடாதீங்க, கையப் புடி."

பெரிய சகலை வந்து சேர்ந்தபோது பாதிக் குழந்தைகள் இறங்கியிருந்தார்கள்.

"தொட்டுருச்சா?"

"இல்ல. முப்பத்தொண்ணு."

"பின்ன?"

"மானி தப்பு சகல. கம்மியாக் காட்டுது. அன்னிக்கு வேன் ஜன்னல்கிட்ட..."

"நீ பண்ண மானி. நீ அளந்த அளவு. நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு. இன்னிக்குக் காத்து அடிச்சதும் தப்பாயிருச்சா?"

"அப்ப எனக்குத் தெரியல. இப்பத்தான் புரிஞ்சுது. அந்தக் குமிழியப் பாருங்க."

"குமிழியா!" பெரிய சகலையின் குரல் உயர்ந்தது. நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். அதுதான் இன்னும் வலித்தது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். உனக்கு மானியும் கோணல். போதும் சகல."

கழுத்தட்டை அம்மாள் வந்தார். "என்ன ஆச்சு சார்? பசங்கல்லாம் அழுறாங்க."

"காத்து ஜாஸ்தியா இருக்கும்மா" என்றான் சின்னச் சகலை.

"அந்த மிஷின் என்ன சொல்லுது?"

அவன் கடைசிக் குழந்தையும் இறங்கியதை இருமுறை பார்த்துவிட்டு, புளோயரை நிறுத்தினான். கோட்டை முதலில் கோபுரங்களைத் தாழ்த்தியது, பிறகு மண்டியிட்டது, பிறகு புல்லில் படுத்தது.

காற்றாவது அவனுக்குச் சாட்சி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பெரிய வீச்சு வந்து எதையாவது கவிழ்த்திருந்தால் எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்திருப்பார்கள். வெட்கக்கேடு, அவன் அப்படி ஒன்று வர வேண்டும் என்றுகூட நின்றுகொண்டே நினைத்தான். காற்று அதே மாதிரி கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு சாயங்காலம் ஆக ஆக ஒன்றுமே நடக்காததுபோல் ஓய்ந்துபோனது. தட்டையாகக் கிடந்த கோட்டையைச் சுற்றிக் குழந்தைகள் நின்று பார்த்தார்கள்.

கோட்டையைச் சுருட்டி வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். வீட்டு வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பெரிய சகலை சொன்னார்:

"நாளைக்கு விடியக்காலைல வா. அதே ரோடு. கூரையில கட்டிக்க. பெயிண்ட் கீறினா கீறட்டும். நீ சொன்னது பொய்யின்னு உன் கண்ணாலயே பாத்துடு."

விடியற்காலையில், வேன் கூரைக்கு மேலே, முகப்பையும் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி நீளக் கம்பத்தைக் கட்டினான். அங்கே வேன் காற்றைத் தொடுவதற்கு முன்பே கரண்டிகள் அதைத் தொட்டுவிடும். வண்டி கிளம்பியது. பெரிய சகலை முள்ளை முப்பத்தெட்டுக்குச் சற்றுக் கீழே, முப்பத்தாறில் நிறுத்திப் பிடித்தார். திரை அவர் முன்னாலேயே இருந்தது.

முப்பது.

சாலையின் கடைசிவரை போனார்கள். திரும்பி வந்தார்கள். மறுபடியும் முப்பது. பெரிய சகலை ஓரமாக வண்டியை நிறுத்தினார். ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நீ சொன்னது நிஜம்தான்."

"ம்."

"நேத்து உண்மையில எவ்ளோ அடிச்சுது?"

உச்ச அளவு திரையின் நினைவிலேயே இருந்தது, முப்பத்தொன்று. முப்பது என்று காட்டினால் உண்மை முப்பத்தாறு. ஐந்துக்கு ஆறு. முப்பத்தொன்றுக்கு எவ்வளவு என்பதைச் சின்னச் சகலை இரவே பலமுறை போட்டுப் பார்த்திருந்தான். விகிதம் மட்டும்தான் தெரியாமல் இருந்தது. இப்போது விடை ஒரு மூச்சில் வந்துவிட்டது. நாற்பது என்று சொல்லலாம். சகலை கணக்குப் போட்டுப் பார்க்கப் போவதில்லை. கோட்டை, கூட்டு, மரியாதை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் திரும்பி வந்துவிடும்.

"முப்பத்தேழு" என்றான்.

பெரிய சகலை திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்தது அவருக்கு. நல்ல சிரிப்பு இல்லை.

"ஒண்ணு கம்மி."

"ஆமா."

"அப்ப மானி சரியா இருந்திருந்தாலும் இறக்கியிருக்க வேண்டாம்."

"ஆமா. ஆனா இந்த மானி கொஞ்ச நேரத்துச் சுத்தையெல்லாம் சேத்துச் சராசரியாத்தான் காட்டும். கண் மூடித் திறக்கிற வீச்சு இதுல பதியாது. நடுவுல நாப்பது அடிச்சிருந்தாலும்..."

"உனக்கு எப்பவும் ஒரு 'ஆனா' இருக்கும் சகல." அவர் வண்டியைக் கிளப்பினார். "பேச்சு பேச்சுதான். கோட்டைய இனி நான் பாத்துக்கிறேன். சண்டை வேண்டாம். மானிய மட்டும் சரியா வச்சுக் குடு. சனிக்கிழமை ஒரு இடம் ஒத்துக்கிட்டிருக்கேன்."

பட்டறையில் அவன் சைக்கிள் மானியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாற்ற வேண்டியது ஓர் எண்தான். ஆயிரத்து எழுநூற்று ஐம்பதை இரண்டாயிரத்து நூறு ஆக்க வேண்டும். பொத்தானை அமுக்கினால் எண் ஏறியது. இரண்டாயிரத்து நூறு வந்தது. விரல் நிற்கவில்லை. இரண்டாயிரத்து இருநூறு. இரண்டாயிரத்து முந்நூறு.

மனைவி எட்டிப் பார்த்தாள். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும். மாடியில் அக்கா அழுததும் தெரியும்.

"இது எவ்ளோ வைக்கணும்?"

"ரெண்டாயிரத்து நூறு."

"இப்ப எவ்ளோ இருக்கு?"

"முந்நூறு."

அவளுக்குப் புரிய நேரம் ஆகவில்லை. "வச்சுடுங்களேன். கூட்டிக் காட்டினா சீக்கிரம் இறக்குவாரு. அத்தானுக்கு என்ன தெரியப் போகுது? குழந்தைங்களுக்கு நல்லதுதான?"

"நானும் அதத்தான் யோசிச்சேன்." அவன் கட்டை விரலால் கண்ணாடியைத் துடைத்தான். "ஆனா ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் காத்தே இல்லாத நேரத்துல இது இறக்குன்னு சொல்லும். அவருக்குச் சந்தேகம் வரும். வேற மானியோட வச்சுப் பாப்பாரு. அதுக்கப்புறம் இது நிஜமாவே முப்பத்தெட்டுன்னு கத்தினாக்கூட அவரு நம்ப மாட்டாரு. தராசுல விரல வச்சா ஒரு தடவைதான் வைக்கலாம்."

"அப்ப நூறே வைங்க."

"நூறு வச்சா முப்பத்தேழு வரைக்கும் பசங்க குதிப்பாங்க. எனக்கு இங்க உக்காந்துகிட்டு மூச்சு வராது."

அவள் அவன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணுதான் புரியல. பயம் உங்களோடது. அதைச் சொல்றதுக்குக் கரண்டி எதுக்கு? வாய் இருக்கில்ல?"

"சொன்னேனே. கேக்கலியே."

"எங்க சொன்னீங்க? மானி தப்பு, குமிழியப் பாரு, ஜன்னல், விகிதம்... எங்கத்தான்கிட்ட நேரா ஒரு நாளாவது, எனக்குப் பயமா இருக்கு, இறக்குங்கன்னு கேட்டிருக்கீங்களா, அந்தப் பட்டறைப் பேச்சுக்கு அப்புறம்?"

அவன் பொத்தானை மறுபக்கம் அமுக்கத் தொடங்கினான். எண் இறங்கியது. இரண்டாயிரத்து நூறில் விரலை எடுத்தான்.

சனிக்கிழமை பெரிய சகலை தனியாகவே கோட்டையை வேனில் ஏற்றியிருந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னச் சகலை கம்பத்தையும் கரண்டிகளையும் கொண்டுவந்து கொடுத்தான்.

"சரியாக் காட்டுமா?"

"சரியாக் காட்டும். அன்னிக்குக் கூரைமேல வச்சுப் பாத்த அளவுதான் வச்சிருக்கேன்."

"ஏத்தியோ இறக்கியோ வைக்கலியே?" கேட்டுவிட்டு அவரே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"வச்சேன். அப்புறம் எடுத்துட்டேன்."

பெரிய சகலை கம்பத்தை வாங்கி உள்ளே வைத்தார். சின்னச் சகலை நகரவில்லை.

"நானும் வரேன் சகல. பங்கு வேண்டாம். கோட்டை உங்களோடதாவே இருக்கட்டும்."

"வந்து என்ன பண்ணுவ?"

"மூலைக் கயித்துகிட்ட நிப்பேன். எனக்குப் பயமா இருந்தா உங்ககிட்ட வந்து சொல்லுவேன். எண் என்னவா இருந்தாலும்."

"நான் இறக்க மாட்டேன்னு சொன்னா?"

"மறுபடியும் வந்து சொல்லுவேன்."

"பத்து பேரு பாக்க, ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையும்."

பெரிய சகலை வேனின் பின்கதவை அறைந்து சாத்தினார். தாழ்ப்பாளை இருமுறை இழுத்துப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்தார். எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை.

"முன் சீட்டுல முளையெல்லாம் கிடக்கு" என்றார், சாலையைப் பார்த்தபடி. "எடுத்துக் கீழ போட்டுட்டு ஏறு. கால்ல குத்திக்காத."